ஒட்டுப்புல்லுக்கு ஒரு வேண்டுதல்

சிங்கப்பூருக்குச் சிலர் வேலைக்குப் போவார்கள், சிலர் வியாபாரத்துக்குப் போவார்கள். நான் புல் முளைக்க வைக்கப் போனேன். இதைச் சொன்னால் காங்கேயம் சந்தையில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு ஊரில் ஒரு சின்ன நாற்றுப் பண்ணை உண்டு. ரோஜா, குரோட்டன்ஸ் எல்லாம் அங்கே கிடையாது. எங்கள் சீமையில் தானாக வளர்கிற கொழுக்கட்டைப் புல், வெள்வேல், வேலிக்கு நடக் கிளுவைப் போத்து, அவ்வளவுதான். புல் விதையைக் காசு கொடுத்து எவன் வாங்குவான் என்று கேட்டவர்களே, கள்ளி மண்டிக் கிடந்த மேய்ச்சல் காடுகளை நான் மறுபடி புல்லாக்கிக் காட்டிய பிறகு என் வாசலில் வந்து நின்றார்கள். எனக்கு வாய் வேறு கொஞ்சம் நீளம். அந்தந்த மண்ணுக்கு அந்தந்தச் செடி. வெளியூர்ச் செடியைக் கொண்டுவந்து ஊன்றுகிறவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அப்படிச் சொல்லித் திரிந்த நானேதான் ஒரு தலையணைக்குள் இலவம்பஞ்சுக்குப் பதிலாகக் கொழுக்கட்டைப் புல் விதையை அடைத்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். விதைக்குக் காற்றோட்டமும் ஆச்சு, எனக்குத் தலைக்கு வைக்கவும் ஆச்சு.

எல்லாம் என் தங்கை பாப்பாத்திக்காக. அவளைக் கட்டிய சென்னியப்பன் சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஏழு பசு மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். பட்டணத்துக்குள் இனி மாடு கட்டக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. தெம்பனிஸ் பக்கம் ஒரு சீன முதலாளி, அங்கே தவுக்கே என்பார்கள், தன் மேட்டு நிலத்தில் கொட்டகை போட இடம் தருகிறேன் என்றிருந்தார். ஆனால் அது மணல் தோண்டி எடுத்து மொட்டையாக விட்ட மேடு. மழை பெய்தால் மணல் சரிந்து கீழே இருக்கிற அவருடைய கீரைப் பாத்தியை மூடிவிடும். பெருமழைக் காலத்துக்குள் அந்தச் சரிவில் புல் பிடிக்க வைத்தால் மாடு வரலாம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்பது அவர் நிபந்தனை. வேறு இடம் எங்கே இருக்கிறது? மாட்டை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

என்னை பஸ் ஏற்றிவிட வந்த அம்மா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"ஏஞ்சாமி, அங்க புல்லு மொளைக்காட்டி, பாப்பாத்தி இங்கயே வந்துருவாளா?"

"வந்துதானம்மா ஆகோணும்."

அம்மா சிவன்மலை இருந்த திசைக்குத் திரும்பிக் கும்பிட்டாள். "அப்ப அது மொளைக்க வேண்டாம் முருகா."

பெற்ற தாயின் வேண்டுதல் எனக்கு எதிராக இருக்க, நான் வெளிநாட்டுப் பயணம் புறப்பட்டது இப்படித்தான்.

சிராங்கூன் ரோட்டில் இறங்கியதும் எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். மல்லிகைப்பூ, மிளகாய் அரைக்கிற நெடி, சாம்பிராணி, மாட்டுச் சாணம். இதற்கா ஒரு வாரம் கப்பலில் வாந்தி எடுத்தேன் என்று இருந்தது. பாப்பாத்தி கொட்டகை வாசலில் நின்றாள். ஏழு வருஷத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தாள், வாய்க்கு வாய் ஒரு 'லா' சேர்த்திருந்தாள்.

"வாங்ணா. எளைச்சிட்டீங்க லா. அம்மா நல்லாருக்குதா?"

"நல்லாருக்குது. உன்ற புல்லுக்குத்தான் தினம் வேண்டிக்குது" என்றேன். பொய் இல்லை.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை என்னைக் காப்பி குடிக்க முக்குக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் கறுப்பு டிகாக்‌ஷனில் டப்பாவிலிருந்து கெட்டிப் பாலைக் கரண்டியால் விட்டுக் கலக்கிக் கொடுத்தார். வீட்டில் ஏழு மாடு கறக்கிற ஆள், டப்பாப் பால் காப்பியை ரசித்து உறிஞ்சினார். பக்கத்து மேஜைச் சீனர் காப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றிக் குடித்தது மட்டும் எங்கள் ஊர்ப் பழக்கம் மாதிரி இருந்தது.

"மாப்ள, இதுக்கா சிங்கப்பூர்ல மாடு வெச்சிருக்கீங்க?"

"மச்சான், நம்ம பால் கோயிலுக்கும் கொழந்தைகளுக்கும். இது நாக்குக்கு" என்றார் அவர்.

அப்புறம் தெம்பனிஸ் மேட்டைப் போய்ப் பார்த்தோம். வெள்ளை மணல் கூரைச் சரிவுபோல இறங்கிப் போய்க் கீரைப் பாத்திக்குள் முடிந்தது. தவுக்கே அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறையுமாகப் பாத்தியில் நின்று மணலை வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து மலாயில் ஏதோ சொன்னார். மாப்பிள்ளை மொழிபெயர்த்தார்: "இந்தியாவிலேருந்து புல் டாக்டர் வர்றார்னு சொன்னே. இவர் வேட்டியில்ல கட்டியிருக்கார்?"

டாக்டர் பட்டம் எனக்குப் பிடித்திருந்தது. அதனால் வேட்டியைப் பற்றிச் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தலையணையைக் காணோம்.

"கப்பல் அழுக்குண்ணா, ஒரே நாத்தம். சவுக்காரம் போட்டு ஊற வெச்சு அலசிப் போட்டேன்" என்றாள் பாப்பாத்தி. பின்பக்கம் மூங்கில் கழியில், சேலைகளுக்கு நடுவே, தலையணை சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. குற்றம் அவள்மேல் இல்லை. உள்ளே பஞ்சு இல்லை என்று நான்தான் சொல்லவில்லை. அண்ணன் வந்தால் அவன் துணிமணியை அலசிப் போடுகிறவள்தானே தங்கச்சி?

அந்த ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் நாலே நாளில் தலையணை முளைத்துவிட்டது. உறையின் நெசவுக்குள்ளிருந்து பச்சை முடி எட்டிப் பார்த்தது. சந்தில் இருந்த அத்தனை பேரும் வந்து பார்த்தார்கள். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாள் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டி, இந்தியாவில் தலையணையைத் தோட்டத்திலிருந்து பறிப்பார்கள் போலிருக்கிறது என்றாராம். பாப்பாத்தி சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள்.

நானும் மாப்பிள்ளையும் அந்த நாற்றை அப்படியே கொண்டுபோய்ச் சரிவில் நட்டோம். எங்கள் ஊரில் மழை வந்தால் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்று பார்ப்போம். சிங்கப்பூரில் மழைக்கு ஒருத்தரும் நிமிர்வதில்லை, குடையை விரித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறார்கள். அவ்வளவு மழை. முதல் மழையில் என் காங்கேயத்து நாற்றில் பாதி போனது, இரண்டாவதில் மீதியும் போனது. எல்லாம் தவுக்கேயின் கீரைப் பாத்திக்குள் மணலோடு சேர்ந்து கிடந்தது. அவர் மண்வெட்டியை எடுத்து மறுபடி வாரத் தொடங்கினார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் பாப்பாத்தி சமைக்கவில்லை. மாட்டுக் கொட்டகையில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, கறக்காமல் சும்மா, செவலைப் பசுவின் விலாவில் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஊருக்கு வந்துட்டா அம்மாவுக்குச் சந்தோஷந்தாண்ணா" என்றாள் என்னைப் பார்க்காமல். "எனக்கு இவளுகளை யாருக்கோ பிடிச்சுக் குடுக்கறதை நெனச்சாத்தான் முடியல. எல்லாம் என் கையில பொறந்ததுங்க."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்வானேன். கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். அவள் ஊரோடு வந்துவிட்டால் அம்மா முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஆனால் அவள் முகத்தை அப்போது பார்க்க எனக்கு மனசு வரவில்லை. கொட்டகையைவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மச்சானுக்கு மனசு சரியில்லை என்று மாப்பிள்ளை மறுநாள் என்னைப் பந்தாட்டம் பார்க்க அழைத்துப் போனார். எங்கள் சந்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பெரிய திடல். அதைப் பாடாங் என்கிறார்கள். நம் பையன்கள் ஒரு பக்கம், ஜாலான் புசார் இரும்புக்கடைச் சீனப் பையன்கள் ஒரு பக்கம். வேர்க்கடலை கொறித்துக்கொண்டு ஓரத்துப் புல்லில் உட்கார்ந்தோம். யார் ஜெயித்தார்கள் என்பது நினைவில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பாப்பாத்தி போட்ட சத்தம்தான் நினைவிருக்கிறது.

"பாடாங்ல யாராச்சும் வேட்டியோட உக்காருவாங்களா? அத்தனையும் கெமுஞ்சுப்பு. இதை யாருண்ணா பிடுங்கறது?"

குனிந்து பார்த்தேன். வேட்டியின் பின்பக்கம் பூராவும் ஈர்க்கு மாதிரி சின்னச் சின்ன விதை குத்திக்கொண்டு நின்றது. ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். நம் ஒட்டுப்புல்தான், மலாயில் கெமுஞ்சுப்பு. எங்கள் பக்கம் ஏரிக்கரையில் இருக்கிறது. அந்தப் பக்கம் போய்வந்தாலே வேட்டியில் ஏறிக்கொள்ளும், நாங்கள் திட்டிக்கொண்டே பிடுங்குவோம். இங்கே அது தானாக வளர்கிறது. மணலில் வளர்கிறது. இருபத்திரண்டு பேர் பூட்ஸ் காலோடு மிதித்தாலும், அந்தப் பேய்மழை கொட்டினாலும், தரையோடு தரையாகக் கொடி ஓட்டி வேர் விட்டுப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. நானோ கடல் தாண்டித் தலையணையில் விதை சுமந்து வந்திருக்கிறேன்.

என் தலையில் நானே நறுக்கென்று ஒரு குட்டு வைத்துக்கொண்டேன். பாப்பாத்தி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அடுத்த கப்பலில் அவளும் வந்திருப்பாள், அம்மாவின் முருகனும் ஜெயித்திருப்பார். ஆனால் புல் முளைக்கிற வழி தெரிந்த பிறகு சும்மா இருப்பது என்னால் ஆகாது. அது ஒரு வியாதி. அதோடு அந்தச் செவலைப் பசுவின்மேல் சாய்ந்திருந்த நெற்றி வேறு கண்ணைவிட்டுப் போகவில்லை.

மாடு வைத்திருக்கிற வீட்டில் புண்ணாக்கு வந்த கோணிச் சாக்குக்குப் பஞ்சமா? சாக்குகளைப் பிரித்து விரித்துக் கயிறு கட்டி, விடிந்ததும் திடலின் ஓரத்தில் புல் பூத்திருந்த இடமாகப் பார்த்து இழுத்துக்கொண்டு நடந்தேன். ஒரு சுற்று வந்தால் சாக்கின் அடிப்பக்கம் பூரா விதை குத்தி நிற்கும். அதை அப்படியே கவிழ்த்துச் சரிவில் விரித்து, நாலு மூலையிலும் ஆப்பு அடித்துவிட்டால் மழை எப்படி அடித்துக்கொண்டு போகும்? மணலும் நகராது, விதையும் நகராது. சாக்கு மக்குவதற்குள் புல் பிடித்துவிடும். அவசரத்துக்கு, ஓரத்துக் கொடியிலும் கொஞ்சம் பிடுங்கி அடியில் செருகலாம் என்று கணக்குப் போட்டேன்.

இரண்டாவது சுற்றில் திடல் மேற்பார்வைக்காரர் வந்து மறித்தார். நம் ஆள்தான், காக்கிச் சட்டை, நெற்றியில் திருநீறு.

"ஐயா, என்ன இது? காலங்காத்தால சாக்கை இழுத்துக்கிட்டு?"

புல், மணல், தவுக்கே என்று விளக்கினால் மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்பார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்: "வேண்டுதலுங்க."

அவர் வழிவிட்டு ஒதுங்கினார். "எந்தக் கோயிலுக்கு?"

"முடியற வரைக்கும் சொல்லக் கூடாதுங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க ஒரு சுற்று முழுதும் பிடித்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் திடலில் இரண்டு பெண்கள் கையில் ஆளுக்கொரு சாக்கோடு எனக்காகக் காத்திருந்தார்கள். ஒருத்திக்கு மகன் பரீட்சை பாஸாக வேண்டும், இன்னொருத்திக்குப் புருஷன் குடியை விட வேண்டும்.

"எத்தினி சுத்துங்க?"

"உங்களால முடிஞ்சது" என்றேன். "பூத்த பக்கமாப் பார்த்துச் சுத்துனா விசேஷம்."

வார முடிவில் ஒரு ஊர்வலமே நடந்துகொண்டிருந்தது. பாப்பாத்திக்குத் தெரிந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "அண்ணா, சாமி பேரைச் சொல்லி ஏமாத்தறது பாவம்லா."

"நான் எங்க சாமி பேரைச் சொன்னேன்? கேட்டதுக்குச் சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னேன். பசுவுக்குப் புல்லு குடுக்கறது புண்ணியமா இல்லையா? அவுங்களுக்கும் அதுல பங்கு இருக்குதில்ல?"

அடுத்த நாள் அவளும் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். என்ன வேண்டுதல் என்று யாரோ கேட்டதற்கு, "ஏழு உசுரு" என்றாளாம்.

சாக்குகளைச் சுருட்டித் தெம்பனிஸ் பஸ்ஸில் ஏற்றியதுதான் பெரிய கூத்து. விதையை உள்பக்கமாக வைத்துச் சுருட்டச் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை வெளிப்பக்கமாகச் சுருட்டிவிட்டார். பஸ் ஒரு வளைவில் சாய்ந்தது, சாக்குக் கட்டு சரிந்து நடுவழியில் உருண்டது. ஒரு மலாய்ப் பெண்ணின் சரோங், ஒரு சீனக் கிழவரின் பைஜாமா, எல்லாவற்றிலும் ஒட்டுப்புல். முன்சீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் காற்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே அவருக்கு இப்போது விதை மயிர் முளைத்திருந்தது.

"என்ன காணும் இது? உம்மட சாக்கு என்ர காற்சட்டையை எல்லே பிடிச்சுக்கொண்டு நிக்குது. இனி ஆர் இதைப் பிடுங்கிறது?"

"மன்னிக்கோணுங்க. நீங்க பிடுங்கறதைக் கீழ மட்டும் போட்டுராதீங்க. இந்தச் சாக்குலயே போட்டுருங்க, நல்ல விதை."

அவர் என்னை முறைத்தார். பிறகு கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, இறங்கும் வரைக்கும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒழுங்காகச் சாக்கில் போட்டார். ஆபீஸ் பழக்கம்.

சரிவு முழுதும் சாக்கு விரித்து ஆப்பு அடித்து முடித்தபோது அது நெல் காயப்போட்ட களம் மாதிரி இருந்தது. தவுக்கே வந்து பார்த்தார். இந்தியாவில் மண்ணுக்குக்கூடச் சட்டை தைத்துப் போடுவீர்களா என்று கேட்டாராம்.

பெருமழை சொன்னபடி வந்தது. எங்கள் ஊரில் ஒரு வருஷத்துக்குப் பெய்கிறதை அது ஒரு வாரத்தில் பெய்தது. நானும் மாப்பிள்ளையும் பஸ் பிடித்துப் போய்ப் போய்ப் பார்த்தோம். சாக்கு நனைந்தது, கறுத்தது, அங்கங்கே கிழிந்தது. மணல் நகரவில்லை. முதலில் கொடிகள் ஓடின. அப்புறம் சாக்கின் நெசவுக்குள்ளிருந்து, அந்தத் தலையணையில் வந்த மாதிரியே, பச்சை முடி எட்டிப் பார்த்தது. மாப்பிள்ளை மழையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுதாரா என்று தெரியவில்லை, முகமெல்லாம் தண்ணீர்.

மழை ஓய்ந்து, புல் பூத்து நின்ற ஒரு நாளில் தவுக்கே சரிவில் ஏறினார். குனிந்து ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அப்போதும் வரவில்லை. உச்சி வரை போய்த் திரும்பி வந்து ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து தன் காலைப் பார்த்தார். காலுறை இரண்டும் விதையாகக் கிடந்தன. பிடுங்கத் தொடங்கினார், கூடவே சீன மொழியில் என்னவோ நீளமாகச் சொன்னார். அதை மாப்பிள்ளை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். கடைசியில் மலாயில் சொன்னதை மட்டும் சொன்னார்: "என்னையே விடமாட்டேங்குது. மணலை எங்க விடப்போகுது? மாட்டைக் கொண்டா."

ஏழு மாடுகளும் லாரியில் போயின. செவலை ஏற மறுத்தது. பாப்பாத்தி முதலில் ஏறி நின்று கூப்பிட்ட பிறகுதான் அது ஏறியது. மேட்டில் இறக்கிவிட்டதும் அது மூக்கை நீட்டி மோந்து பார்த்தது, கொஞ்சம் யோசித்தது, இளசாக ஒரு வாய் கடித்தது. பாப்பாத்தி கை தட்டினாள். எங்கள் பக்கம் திரும்பி, "இனி நாங்க எங்கயும் போகவேண்டியதில்லைண்ணா" என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்ணா" என்றாள்.

கப்பலில் எனக்குத் தலையணை இல்லை. அந்த ஒரு வாரமும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் தேறவில்லை.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். பாப்பாத்தி கொடுத்தனுப்பிய நைலான் சேலையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. என் பின்னால் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"மொளைச்சிருச்சா?"

"மொளைச்சிருச்சும்மா."

விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டாள். அப்புறம் என் வேட்டி ஓரத்தில் கண் போயிற்று. அத்தனை தடவை அலசியும் தைத்த மடிப்புக்குள் ஒன்று தப்பி வந்திருந்தது. அதைப் பிடுங்கி விரல் நுனியில் வைத்துப் பார்த்தாள்.

"இதுதானா?"

"ஆமாம்மா."

"மாடு திங்குதா?"

"எளசா இருந்தா திங்குது. செவலை மொத ஆளாத் தின்னுச்சு. பாப்பாத்தி கை தட்டிச் சிரிச்சா."

"சிரிச்சாளா" என்றாள் அம்மா. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப அங்க நல்லா வளரட்டும்."

சொல்லிவிட்டு, கையிலிருந்த விதையை அடுப்பில் போட்டாள்.